வயரிங் படம் யார் கையில் இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, லினக்ஸ் பற்றியும் கேள்விப்பட்ட பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய பெர்சனல் கம்ப்யூட்டரில் லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகினால் உடனே இயங்குகிறது. அதைவிட வேகமான சிப்பும் கூடுதல் மெமரியும் உள்ள என் பழைய ஸ்மார்ட் போனிலோ, டேப்ளட்டிலோ, டி.வி. பெட்டியிலோ ஏன் இப்படிச் செய்ய முடிவதில்லை?"

நியாயமான கேள்வி. சில கருவிகளில் வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் நுழையாதபடி தயாரித்த நிறுவனமே பூட்டு போட்டு வைத்திருக்கும். அந்தப் பூட்டு இல்லாத கருவிகளிலும் இது நடப்பதில்லை என்றால், பெரும்பாலும் காரணம் வேறு. அந்தக் கருவிக்குள் எந்தப் பாகம் எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம் லினக்ஸ் கெர்னலுக்குத் தெரியாது. அந்த விவரம் சில நூறு வரிகளில் அடங்கிவிடும் ஒரு டெக்ஸ்ட் பைல். அது இல்லாததால், நல்ல நிலையில் உள்ள கருவிகள் மேஜை டிராயருக்குள் முடங்கிவிடுகின்றன.

இந்த பைலை எழுதி கெர்னலில் சேர்க்க வேண்டியது யார், அதில் நம்மைப் போன்ற வீட்டு உபயோகிப்பாளர்களின் பங்கு என்ன என்பது குறித்து எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்லும் முன் சில அடிப்படைச் செய்திகளைப் பார்த்துவிடலாம்.

பெயரைச் சொல்லும் சாதனங்கள், சொல்லாத சாதனங்கள்

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. நீங்கள் இயக்கும் புரோகிராம்களுக்கும் ஹார்ட்வேருக்கும் நடுவில் நின்று வேலை வாங்குவது இதுதான். லினக்ஸ் கெர்னலை 1991ல், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். இன்று அதன் சோர்ஸ் கோட் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆண்ட்ராய்ட் போன்களுக்குள் இயங்குவதும் இதே கெர்னலின் ஒரு வடிவம்தான்.

ஒரு யு.எஸ்.பி. மவுஸைக் கம்ப்யூட்டரில் செருகுகிறீர்கள். "நீ யார்?" என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. மவுஸ் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணையும் தன் மாடல் எண்ணையும் சொல்கிறது. கெர்னல் அதற்கான டிரைவர் புரோகிராமைத் தேடி எடுத்து இயக்குகிறது. மதர்போர்டில் செருகப்படும் பி.சி.ஐ. கார்டுகளும் இப்படித்தான் தங்களை அறிமுகம் செய்துகொள்கின்றன. பேட்டரி, பவர் பட்டன், லேப்டாப்பின் மூடி போன்றவை பற்றிய தகவல்களை, மதர்போர்டில் உள்ள பயாஸ் ஒரு அட்டவணையாகத் தந்துவிடும். ஏ.சி.பி.ஐ. எனப்படும் இந்த முறையை இன்டெல், மைக்ரோசாப்ட், டோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1996ல் வெளியிட்டன.

இந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் சவுண்ட் கார்டு வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். கார்டில் உள்ள சிறிய ஜம்பர்களை மாற்றி வைக்க வேண்டும். பிறகு, "என் கார்டின் முகவரி 220, இன்ட்டரப்ட் எண் 5" என்று கேம்ஸ் புரோகிராமுக்கு நாமே சொல்ல வேண்டும். எண் மாறிப் போனால் சத்தம் வராது. சில வேளைகளில் கம்ப்யூட்டரே உறைந்து நின்றுவிடும்.

ஸ்மார்ட் போன்கள், டேப்ளட்கள், ரௌட்டர்கள், ராஸ்பெரி பை போன்ற சிறிய போர்டு கம்ப்யூட்டர்கள் ஆகியவற்றின் உள்ளே இன்றும் ஏறத்தாழ அதே நிலைதான். ஒரே சிப்புக்குள் பிராசசர், கிராபிக்ஸ், யு.எஸ்.பி. கன்ட்ரோலர் என எல்லாம் அடைக்கப்பட்டிருக்கும். டச் ஸ்கிரீன், சார்ஜர், வெளிச்சத்தை அளக்கும் சென்சார் போன்றவை தனித்தனிச் சிறு சிப்களாக, மெல்லிய வயர்களில் அதோடு இணைக்கப்பட்டிருக்கும். இவற்றில் பலவும் தங்கள் பெயரைச் சொல்லத் தெரியாதவை. குறிப்பிட்ட முகவரியில் யாரோ இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அவர் யார், அவருக்கு எத்தனை வோல்ட் மின்சாரம் தேவை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

சுவருக்குள் வயர் பதித்துக் கட்டிய வீட்டை எண்ணிப் பாருங்கள். எந்த சுவிட்சிலிருந்து எந்த விளக்குக்கு வயர் போகிறது என்பது வேலை செய்த எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். அவர் ஒரு படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தால், பத்து ஆண்டுகள் கழித்து யார் வந்தாலும் பழுது பார்க்கலாம். படம் அவர் மனதில் மட்டும் இருந்தால்? அவர் ஊரைவிட்டுப் போன பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான்.

கருவிகளுக்கான இந்த வயரிங் படத்துக்குக் கெர்னல் உலகில் டிவைஸ் ட்ரீ என்று பெயர்.

2011ல் வந்த கோபம்

டிவைஸ் ட்ரீ லினக்ஸ் கண்டுபிடித்தது அல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க் கம்ப்யூட்டர்களிலும் ஆப்பிளின் பவர் பி.சி. மேக் கம்ப்யூட்டர்களிலும் பயன்பட்ட ஓப்பன் பர்ம்வேர் என்ற முறையில் இருந்து வந்தது. 1994ல் அது ஐ.இ.இ.இ. 1275 என்ற எண்ணில் ஒரு தர வரையறையாகவும் ஆனது.

ஆனால், ஸ்மார்ட் போன்களில் உள்ள ஏ.ஆர்.எம். வகை சிப்களுக்கு லினக்ஸ் வெகு காலம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு போர்டுக்கும் சி மொழியில் ஒரு தனி பைல் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டது. புதிய போன் வந்தால் புதிய பைல். ஒரு வயர் மாறினால் இன்னொரு பைல். ஒரே வேலையைச் செய்யும் கோட் பல இடங்களில் திரும்பத் திரும்பக் குவிந்தது. 2011 மார்ச் மாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பற்றி வெளிப்படையாகக் கடும் கோபத்துடன் எழுதினார். அதன் பிறகுதான், புதிய ஏ.ஆர்.எம். போர்டுகள் டிவைஸ் ட்ரீ வழியாகவே வர வேண்டும் என்ற நடைமுறை வந்தது. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7 பதிப்பில், வெவ்வேறு நிறுவனங்களின் ஏ.ஆர்.எம். சிப்களில் ஒரே கெர்னல் பைல் இயங்குவதற்கான வழி திறந்தது.

அதாவது, கெர்னல் ஒன்று. வயரிங் படம் மட்டும் கருவிக்குக் கருவி வேறு. பெர்சனல் கம்ப்யூட்டர் உபயோகிப்பவர்கள் இத்தனை ஆண்டுகளாக அனுபவித்து வந்த வசதிக்கு ஓரளவு ஈடானது இது.

பைலுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு நல்ல உதாரணம் நோக்கியா என்900. 2009 நவம்பரில் விற்பனைக்கு வந்த போன் இது. திரையைத் தள்ளினால் அடியில் இருந்து கீபோர்டு வெளிவரும். மேமோ என்ற லினக்ஸ் அடிப்படையிலான சிஸ்டத்தில் இயங்கியது. லினக்ஸ் கெர்னலின் சோர்ஸ் கோடை டவுன்லோடு செய்தால், இந்தப் போனின் டிவைஸ் ட்ரீ பைல் இன்றும் அதில் இருப்பதைப் பார்க்கலாம். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து படிக்கலாம்.

பைலின் தொடக்கத்தில் போனின் பெயர், அதில் உள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் நிறுவனத்தின் சிப் வகை ஆகியவை தரப்பட்டிருக்கும். சிப்புக்குள் இருப்பவை எல்லா போன்களுக்கும் பொது என்பதால் அவை தனியாக வேறு பைலில் இருக்கும். இந்த பைல் அதைச் சேர்த்துக்கொண்டு, என்900 போனுக்கு மட்டும் உரியதைச் சொல்லும். கீபோர்டு வெளியே தள்ளப்பட்டிருக்கிறதா என்று தெரிவிக்கும் கால் எண் 71. கேமரா லென்சின் மூடி திறந்திருக்கிறதா என்று தெரிவிப்பது 110. கீபோர்டில் எந்த வரிசையும் எந்தப் பத்தியும் சந்திக்கும் இடத்தில் க்யூ என்ற எழுத்து உள்ளது, எங்கே டபிள்யூ உள்ளது என்று ஒவ்வொரு கீயும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

கவனியுங்கள். இதில் "இப்படிச் செய், பிறகு அப்படிச் செய்" என்ற கட்டளை எதுவும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டுமே உள்ளது. அதனால்தான், புரோகிராமிங்கில் கரை கண்டவர்கள் மட்டுமே இந்தப் பணியைத் தொட முடியும் என்ற பயம் தேவையற்றது என்கிறேன். பொறுமையும், கையில் கருவியும், படித்துப் புரிந்துகொள்ளும் ஆர்வமும் இருந்தால் தொடங்கலாம்.

நிறுவனம் கைவிட்ட பிறகு

என்900 வெளிவந்து ஒன்றேகால் ஆண்டில், 2011 பிப்ரவரியில், நோக்கியா தன் ஸ்மார்ட் போன்களுக்கு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தது. 2014ல் போன் தயாரிப்புப் பிரிவே மைக்ரோசாப்டின் கைக்குப் போனது. மேமோவைத் தொடர அங்கே ஆள் இல்லை. ஆனால், தன்னார்வலர்கள் விடவில்லை. பழைய முறையில் சி மொழியில் இருந்த என்900 விவரங்களை டிவைஸ் ட்ரீயாக மாற்றிக் கெர்னலில் சேர்த்தார்கள். மேமோ லெஸ்டே என்ற தன்னார்வத் திட்டம் அதன் மீது ஒரு முழு சிஸ்டத்தையே கட்டி வருகிறது. பழைய போனில் எல்லாமே புதிது போல வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. தயாரித்தவர் கைவிட்ட பிறகும் அதில் வேலை செய்ய ஒரு பிடி இருக்கிறது என்பதுதான் செய்தி.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். "லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். என்ற உரிமத்தில் வருகிறது. அதனால் போன் நிறுவனங்கள் தாங்கள் மாற்றிய கெர்னலின் சோர்ஸ் கோடைத் தந்தே ஆக வேண்டும். பல நிறுவனங்கள் தருகின்றனவே, அது போதாதா?"

போதாது. அவர்கள் தருவது, போன் வந்த காலத்துக் கெர்னலின் மீது செய்த மாற்றங்களின் ஒரு மூட்டை. கெர்னலோ ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. அதன் உள் அமைப்பு அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஒரு டெவலப்பர் உள்ளே ஒன்றை மாற்றினால், அந்த மாற்றத்தால் பாதிக்கப்படும் எல்லா டிரைவர்களையும் அவரே சரி செய்து தர வேண்டும் என்பது வழக்கம். ஆனால், அவர் சரி செய்வது கெர்னலுக்குள் இருக்கும் கோடை மட்டுமே. வெளியே மூட்டையாகக் கிடப்பதை யாரும் தொட மாட்டார்கள். சில ஆண்டுகளில் அது புதிய கெர்னலோடு பொருந்தாமல் போய்விடும். பாதுகாப்புக்கான திருத்தங்களும் அந்தப் போனுக்கு வந்து சேராது.

எனவே, "சோர்ஸ் கோட் கொடுத்துவிட்டோம்" என்பதும் "கெர்னலில் சேர்த்துவிட்டோம்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது, வயரிங் படத்தை ஒரு பழைய நோட்டில் கிறுக்கிக் கொடுப்பது. இரண்டாவது, அதை ஊர்ப் பொதுப் பதிவேட்டில் ஏற்றுவது.

பேட்ச் எப்படிச் சேர்கிறது?

கெர்னலில் சேர்க்க விரும்பும் மாற்றத்துக்குப் பேட்ச் என்று பெயர். எந்த வரி புதிது, எந்த வரி நீக்கம் என்று காட்டும் சிறிய டெக்ஸ்ட் அது. கிட் என்ற புரோகிராம் மூலம் இதைத் தயாரிக்கலாம். இந்தப் புரோகிராமையும் லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005ல் எழுதினார்.

ஒரு புதிய போர்டுக்கான விவரத்தைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் போர்டின் பெயரையும், பழக்கமில்லாத சாதனம் இருந்தால் அதற்கு என்னென்ன தகவல்கள் தரப்பட வேண்டும் என்பதையும் விதிகளாக எழுத வேண்டும். யாமெல் என்ற வடிவில் இந்த விதிகள் இருப்பதால், நீங்கள் எழுதிய விவரம் விதிப்படி உள்ளதா என்று கம்ப்யூட்டரே சரி பார்த்துவிடும். இது ஒரு பேட்ச். டிவைஸ் ட்ரீ பைல் அடுத்த பேட்ச். ஒரு பேட்சில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும்.

பிறகு, கெர்னலோடு வரும் செக்பேட்ச் என்ற சிறிய புரோகிராமை இயக்கினால் எழுத்து நடையில் உள்ள பிழைகளைக் காட்டும். கெட் மெயின்டெய்னர் என்ற இன்னொன்று, இந்தப் பகுதியைக் கவனிக்கும் பராமரிப்பாளர்கள் யார் என்ற பட்டியலைத் தரும். அவர்களுக்கு அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் டெக்ஸ்ட் மெயிலாகப் பேட்சை அனுப்ப வேண்டும். அட்டாச்மெண்ட் கூடாது, எழுத்துக்கு நிறம் கூடாது.

கடைசியில் உங்கள் பெயரோடு ஒரு கையொப்ப வரி கட்டாயம். "இது என் சொந்த வேலை, அல்லது இதைத் தர எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதிமொழி அது. 2004ல் வந்த நடைமுறை. யாரென்று தெரியாமல் ஒளிந்துகொண்டு அனுப்ப முடியாது.

பராமரிப்பாளர்கள் படித்துப் பார்த்து வரிக்கு வரி கருத்து சொல்வார்கள். திருத்தி, இரண்டாம் வடிவம் என்று குறிப்பிட்டு, என்ன மாற்றினீர்கள் என்ற பட்டியலோடு மீண்டும் அனுப்ப வேண்டும். எல்லாம் சரியான பிறகு, ஒருவரிடம் இருந்து அடுத்தவருக்கு என்று படிப்படியாக மேலேறி லினஸ் டோர்வால்ட்ஸிடம் போய்ச் சேரும்.

இத்தனை கறார் தேவையா?

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், இன்டர்நெட்டில் வாங்கிய ஒரு சிறிய போர்டு கம்ப்யூட்டரின் விவரத்தை இப்படி அனுப்பினார். அதைத் தயாரித்த நிறுவனம் ஒரே ஒரு பழைய கெர்னலைத் தந்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டது. இவரிடம் எல்லாம் வேலை செய்தது. ஆனால், வந்த முதல் பதிலில் பதினைந்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள். பெயரில் அண்டர்ஸ்கோர் கூடாது, ஹைபன் போடுங்கள். முகவரி வரிசைப்படி அடுக்குங்கள். இந்த வரி அந்த வரிக்குப் பின்னால் வர வேண்டும். "போர்டுதான் ஓடுகிறதே சார், இன்னும் என்ன வேண்டுமாம்?" என்று என்னிடம் சலித்துக்கொண்டார்.

அவருடைய சலிப்பு எனக்குப் புரிகிறது. சம்பளம் இல்லாமல் இரவு நேரத்தில் செய்த வேலைக்கு முதல் பரிசு குற்றப் பட்டியல் என்றால் யாருக்கும் வலிக்கும். முதல் முறை அனுப்புபவருக்கு, திருத்தச் சொல்லும்போதே ஏன் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பராமரிப்பாளர்களின் வேலையும் குறையும். இது அவர்களிடம் நான் வைக்கும் குறை.

ஆனாலும், கறார் தேவை என்பதே என் கட்சி. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். பவர் சிப்பின் ஒரு வெளியீட்டுக்கு மாணவர் 0.8 வோல்ட் முதல் 3.3 வோல்ட் வரை என்று எழுதியிருந்தார். பவர் சிப்பால் அவ்வளவும் தர முடியும் என்பது உண்மைதான். "இந்த போர்டில் அந்த வயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது? அது எத்தனை வோல்ட் தாங்கும்?" என்று பராமரிப்பாளர் கேட்டார். தேடிப் பார்த்தால், மறுமுனையில் இருந்தது 1.8 வோல்ட்டில் இயங்க வேண்டிய சிப். இன்று எந்த டிரைவரும் அதைக் கூட்டவில்லை. அதனால் போர்டு ஓடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு டிரைவர், "3.3 வரை அனுமதி உள்ளதே" என்று கூட்டினால் அந்தச் சிப் கருகிவிடும். அப்போது அந்த போர்டு இருப்பது இவர் வீட்டில் மட்டுமாக இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. டிவைஸ் ட்ரீ, கெர்னலுக்கும் கருவிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் போன்றது. சில கருவிகளில் அது கெர்னலோடு வராமல், கருவியின் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். இன்று எழுதிய விவரத்தை நாளைய கெர்னலும் புரிந்துகொண்டாக வேண்டும். புரோகிராமில் தவறு என்றால் அடுத்த பதிப்பில் மாற்றலாம். ஊர் முழுக்க ஒட்டிவிட்ட விலாசத்தை மாற்றுவது அத்தனை எளிது அல்ல.

மாணவரின் பேட்ச் ஐந்தாவது வடிவத்தில் ஏற்கப்பட்டது. அவர் இப்போது மற்றவர்களின் பேட்ச்களைப் படித்து, வோல்ட் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்.

இது யார் வேலை?

இனி என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். விற்ற நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை, வாங்கியவர் இரவு கண் விழித்துச் செய்வது முறையல்ல. எந்த வயர் எங்கே போகிறது என்பது, வடிவமைத்தவரின் மேஜையில் படமாக இருக்கிறது. அதையே வாங்கியவர் வெளியே இருந்து ஊகித்து, அளந்து, சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இதைவிட வீண் உழைப்பு வேறு இருக்க முடியுமா?

"ரகசியம் போய்விடும்" என்பது நிறுவனங்கள் சொல்லும் காரணம். எந்தச் சென்சார் எந்த முகவரியில் இருக்கிறது என்பதில் பெரிய ரகசியம் என்ன இருக்கிறது? கருவியைப் பிரித்துப் பார்க்கும் போட்டி நிறுவனத்துக்கு அது ஒரு நாள் வேலை. மறைப்பதால் தவிப்பது வாங்கியவர் மட்டுமே.

முடியாத காரியமும் அல்ல. 2010ல் ஏ.ஆர்.எம்., ஐ.பி.எம்., சாம்சங், டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து லினாரோ என்ற அமைப்பைத் தொடங்கியதே இதுபோன்ற வேலைகளைப் பொதுக் கெர்னலில் சேர்க்கத்தான். இன்று பல சிப் நிறுவனங்கள் தங்கள் சிப்பின் பொது விவரங்களைத் தாங்களே கெர்னலுக்கு அனுப்புகின்றன. இடைவெளி விழுவது அடுத்த படியில். அந்தச் சிப்பை வாங்கிப் போனோ பெட்டியோ செய்து விற்பவர்களில் பலர், தங்கள் மாடலுக்கான அந்தக் கடைசி பைலைத் தருவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 இறுதியில் ஆப்பிள் தன் எம்1 சிப் உள்ள மேக் கம்ப்யூட்டர்களை வெளியிட்டது. லினக்ஸுக்கான விவரம் எதையும் தரவில்லை. அசாஹி லினக்ஸ் என்ற திட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டறிந்து டிவைஸ் ட்ரீ எழுதினார்கள். 2021 ஜூனில் வந்த லினக்ஸ் 5.13 பதிப்பில் எம்1 சிப்புக்கான தொடக்க நிலை ஆதரவு இடம் பெற்றது. வியந்து பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால், புகழ் பெற்ற மேக் கம்ப்யூட்டருக்கு இத்தனை திறமைசாலிகள் கிடைப்பார்கள். பெயர் தெரியாத டி.வி. பெட்டிக்கு யார் வருவார்கள்?

இது போன் பிரச்னை மட்டும்தானே என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்னாப்டிராகன் எக்ஸ் வகை ஏ.ஆர்.எம். சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் 2024 ஜூன் முதல் விற்பனைக்கு வந்தன. இவற்றில் லினக்ஸ் இயங்க, லெனோவா, டெல், ஆசஸ் என ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு மாடலுக்கும் தனி டிவைஸ் ட்ரீ பைல் தேவைப்படுகிறது. "லேப்டாப் என்றால் எந்த பென் டிரைவைச் செருகினாலும் லினக்ஸ் வரும்" என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. இன்று கடைக்குப் போகும் உங்களை நேரடியாகத் தொடும் செய்தி இது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாவதாக, வாங்கும் முன் பாருங்கள். கெர்னல் சோர்ஸ் கோடில் டிவைஸ் ட்ரீ பைல்கள் சிப் நிறுவனங்களின் பெயரில் தனித்தனி போல்டர்களில் உள்ளன. பைலின் பெயரிலேயே பெரும்பாலும் மாடலின் பெயர் தெரியும். நீங்கள் வாங்க நினைக்கும் போர்டோ, ஏ.ஆர்.எம். லேப்டாப்போ அங்கே இருந்தால், அதன் ஆயுள் தயாரிப்பாளரின் கருணையை மட்டும் நம்பி இல்லை என்று பொருள். பைல் இருப்பதாலேயே எல்லாப் பாகங்களும் இயங்கிவிடாது. ஒவ்வொன்றுக்கும் டிரைவரும் வேண்டும். ஆனால், பைல் இல்லை என்றால் பேச்சே தொடங்காது. விற்பவரிடம், "பொதுக் கெர்னலில் இதற்கு ஆதரவு உண்டா?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழிப்பார். பத்து பேர் கேட்டால் அவர் தன் மேலாளரிடம் கேட்பார்.

இரண்டாவதாக, சோதித்துச் சொல்லுங்கள். போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். என்ற திட்டம் 2017 முதல் பழைய போன்களைப் பொதுக் கெர்னலுக்குக் கொண்டு வர உழைத்து வருகிறது. பேட்ச் எழுதுபவரிடம் எல்லா மாடல்களும் இருக்காது. உங்கள் கையில் உள்ள போனில் அதை இயக்கிப் பார்த்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தெளிவாகச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. சோதித்தவர் என்று உங்கள் பெயரும் கெர்னல் வரலாற்றில் பதிவாகும். எச்சரிக்கை: போனின் பூட்டைத் திறந்தால் அதில் உள்ள போட்டோ, காண்டாக்ட் எல்லாம் அழிந்துவிடும்; வாரண்டியும் போகலாம். தினமும் பயன்படுத்தும் போனில் இதைச் செய்ய வேண்டாம். டிராயரில் கிடக்கும் பழைய போனில், தேவையானவற்றை பேக்கப் எடுத்துக்கொண்டு முயலுங்கள்.

மூன்றாவதாக, சிறிய பேட்ச் ஒன்றை முயன்று பாருங்கள். அதற்குப் போன் கூட வேண்டாம். சாதாரண லேப்டாப் போதும். சவுண்ட் சிப்பின் எந்தக் கால் ஸ்பீக்கருக்கும் எந்தக் கால் மைக்குக்கும் போகிறது என்பதை பயாஸ் சொல்ல வேண்டும். சில மாடல்களில் பயாஸ் தவறாகச் சொல்லிவிடும். லினக்ஸில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். இவற்றைச் சரி செய்யக் கெர்னலில் ஒரு நீண்ட பட்டியல் உள்ளது. ஒரு மாடலுக்கு ஒரு வரி. உங்கள் லேப்டாப்பின் எண்ணும், அதற்குப் பொருந்தும் தீர்வின் பெயரும் அந்த வரியில் இருக்கும். இந்த ஒரு வரியை அனுப்புவதற்கும் மேலே சொன்ன அதே நடைமுறைதான். நல்ல பயிற்சியாக அமையும். அதே மாடலை வாங்கிய அத்தனை பேருக்கும் சத்தமும் கேட்கும்.

உங்கள் கருவிக்கான வாரண்டி கார்டு ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோதான் செல்லும். பொதுக் கெர்னலில் ஏறிய வயரிங் படம் அதன் பிறகும் இருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலை, மெமரி, கேமரா ஆகியவற்றோடு இதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டில் டிராயருக்குள் கிடக்கும் போனின் மாடல் எண்ணையும் இன்றே ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கெர்னலில் தேடிப் பாருங்கள்.